வாணியம்பாடிக்குப் போன பந்துவீச்சாளன்

அந்த பேனரை முதலில் பார்த்தது கட்டிங் செக்‌ஷன் பெண் ஒருத்தி. கம்பெனி வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், "ஏய், அது நம்ம பையன்தானே?" என்று கத்தினாள்.

ஆம்பூரிலிருந்து எங்கள் ஷூ கம்பெனிக்குப் போகும் வழியில், மேம்பாலம் இறங்கும் இடத்தில் புதிதாகக் கட்டியிருந்தார்கள். பொங்கல் கோப்பைக்கு வாணியம்பாடி அணி தயார் என்று பெரிய எழுத்து. வரிசையாக ஆட்டக்காரர்கள். நடுவில், மற்ற எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக அவன். பச்சை ஜெர்சி. கையைக் கட்டிக்கொண்டு, சிரிக்காமல், போட்டோக்காரன் சொல்லிக்கொடுத்த மாதிரி முறைத்துக்கொண்டு நின்றான். எங்கள் தெரு அணியின் நீல ஜெர்சியில் அவன் எடுத்துக்கொண்ட ஒரு படத்தில்கூட அப்படி முறைத்ததில்லை. எல்லாவற்றிலும் பல் தெரியும்.

வேன் நிற்காமல் போய்விட்டது. ஆனாலும் எல்லோரும் பார்த்துவிட்டோம். பார்த்த கையோடு எல்லாத் தலையும் பின்பக்கம் திரும்பியது. கடைசி சீட்டில் அவனுடைய அம்மா இருந்தார். எங்கள் தையல் லைனில் பசை தடவும் வேலை அவருக்கு. வழக்கமாக மேம்பாலம் வருவதற்குள் தூங்கிவிடுவார். அன்று தூங்கவில்லை. எதிர்ப்பக்க ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு, சாப்பாட்டுப் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தப் பிடியே சொல்லிவிட்டது, அவருக்கு முன்பே தெரியும் என்று. ஒரு வாரமாக அவன் கம்பெனிக்கு லீவு போட்டிருந்தான்; ஏதோ வெளியூர் ஆட்டம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

"இன்னாக்கா, உங்க புள்ள பச்சை சட்டை போட்டுக்கினு நிக்கிறான்?" என்று கட்டிங் பெண்ணே கேட்டாள்.

"ஆமாம்."

"எப்போலேந்து?"

"போன வாரத்துலேந்து."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"நான் இன்னாத்த சொல்றது? அவன் வேலைய அவன் பாத்துக்கினான்."

அதற்குப் பிறகு கம்பெனி கேட் வரும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. சாவு வீட்டுக்குப் போகும்போதுகூட நாங்கள் வழியெல்லாம் பேசிக்கொண்டே போகிறவர்கள்.

கிரிக்கெட் பிடிக்காதவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். டென்னிஸ் பந்தில் ஆடுகிற ஒரு தெரு அணி. ரயில்வே தண்டவாளத்துக்குப் பின்பக்கம் நாலு சந்து சேர்ந்த எங்கள் தெரு. அதில் தோல் பதனிடும் டேனரிக்குப் போகிறவர்கள், ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள், இரண்டும் கிடைக்காமல் லோடு ஏற்றுகிறவர்கள். என் வீட்டுக்காரர் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். வாரம் முழுக்க ஷூ டப்பா ஏறும் வண்டியில் ஞாயிற்றுக்கிழமை அணி ஏறும். டீசல் அவர் செலவு. அதனால் அவரை மேனேஜர் என்பார்கள். அந்தப் பெயரை யாராவது சொன்னால் அவர் தோள் கொஞ்சம் நிமிரும். எனக்கும் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள், அதுவும் போகிறதே என்று. பிறகு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சாப்பாட்டு டப்பா கொடுக்கப் போனேன். அன்று அவன் பந்து போட்டான்.

காய்ச்சலில் படுத்த ஒருவனுக்குப் பதிலாக வந்த பையன். பிளஸ் டூ முடித்துவிட்டு எங்கள் கம்பெனியிலேயே கட்டிங்கில் சேர்ந்திருந்தான். பாலாற்றில் தண்ணீர் இல்லாத மாதங்கள்தான் எங்கள் ஊரில் ஜாஸ்தி. அந்த ஆற்றுப்படுகையில்தான் மைதானம். சுற்றிலும் சீமைக் கருவேலம். காற்று திரும்பினால் டேனரி வாடை. அந்த வாடைக்குள் அவன் ஓடிவந்தான். அவசரமே இல்லாத ஓட்டம், சங்கு ஊதியபிறகும் பதறாமல் வேலைக்குப் போகிறவன் மாதிரி. கடைசி மூன்றடியில் உடம்பு வேறு ஏதோ ஆகிவிடும். என்ன ஆகிறதென்று கண்ணுக்குப் பிடிபடுவதற்குள் எதிரே நடு ஸ்டம்பு படுத்திருக்கும். நான் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டம் முடியும்வரை நின்றேன். சோறு ஆறிப்போனது. என் வீட்டுக்காரர் அதைக் கேட்கவும் இல்லை.

அன்றிலிருந்து அவன் எங்கள் எல்லோருடைய வேலையாகவும் ஆனான். இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சூப்பர்வைசர் அவனுக்குச் சனிக்கிழமை ஓவர்டைம் போடமாட்டார். அவன் பங்கு வேலையை மற்ற பையன்கள் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். பிரியாணிக் கடை பாய் ஜெயித்த நாளெல்லாம் அணிக்கு ஒரு அண்டா ஒதுக்குவார். அதில் நெஞ்சுக்கறித் துண்டு அவன் தட்டுக்குத்தான் போகும். ஒரு தடவை தோள் பிசகிவிட்டது. என் வீட்டுக்காரர் சவாரியை விட்டுவிட்டு அவனை லோடு வண்டியில் வேலூருக்கு எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், பகல் முழுக்க ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்ததும் தெருவே கேட்டது. "கை தூக்கறானா?" என்றுதான் கேட்டார்கள். "வலிக்குதா?" என்று கேட்டவர் அவன் அம்மா மட்டும்.

நான் செய்தது ஒன்று உண்டு. பந்தை விடும்போது அவன் வலது கால் கட்டைவிரலைத் தரையில் இழுப்பான். எந்த ஷூவும் அவனுக்கு ஒரு மாதம் தாங்காது. முனை கிழிந்து விரல் எட்டிப் பார்க்கும். ஊரே ஷூ தைக்கிறது, நம் பையன் கிழிந்த ஷூவோடு ஓடுகிறானே என்று ஆகிவிட்டது எனக்கு. சூப்பர்வைசரிடம் கேட்டு வெட்டுத்துண்டுத் தோல் வாங்கி, முனையில் வைத்து, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். அது தேயும்போதெல்லாம் புதிதாக ஒன்று. இத்தனை வருஷத்தில் யார் யாரோ வெளிநாட்டுக்காரர் காலுக்குத் தைத்திருக்கிறேன். யார் காலுக்கு என்று தெரிந்து தைத்தது அது ஒன்றுதான்.

அவனால் நாங்கள் பொங்கல் கோப்பையை ஒரு முறை ஜெயித்தோம். அதைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

அந்தக் கோப்பை எப்போதும் வாணியம்பாடி அணிக்குத்தான் போகும். அதை நடத்துபவர் ஒரு தோல் வியாபாரி. வெளியூர் ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்து இறக்குவார். எங்கள் அணியிலோ எல்லோரும் தெருப்பையன்கள். கேப்டன் சோல் ஒட்டுகிறவன்; பந்துவீச்சாளனுக்கு உயிர்த்தோழன். ஃபைனலில் கடைசி ஓவரை அவன் கையில் கொடுத்துவிட்டு, பார்க்கப் பயந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான் கேப்டன். ஆற்றங்கரை மேட்டில் பெண்கள் நாங்கள் எழுந்து நின்றோம். முந்தானையை வாயில் வைத்துக் கடித்தது எனக்கு நினைவிருக்கிறது. கடைசிப் பந்து யார்க்கர். காலடியில் விழுந்து ஸ்டம்பைப் பெயர்த்தது. முதுகு திருப்பி நின்றவனுக்கு எங்கள் சத்தத்தைக் கேட்டுத்தான் ஜெயித்தது தெரிந்தது.

லோடு வண்டியில் ஊர்வலம். அவன் அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். பாய் கடை முன்னால் வண்டியை நிறுத்தி, மைக்கை அவன் வாயருகே பிடித்து பாய் கேட்டார்: "பேட்டா, எங்கள உட்டு எங்கயும் போயிட மாட்டியே?"

"எங்க போறது பாய்? பிரியாணி இங்கதான கீது!" என்றான்.

தெருவே சிரித்தது. பாய் அவன் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். அந்த வருஷம் முழுக்க எங்கள் தெருக்காரர்கள் வாணியம்பாடிக்குப் பெண் பார்க்கப் போனாலும் சரி, சரக்கு இறக்கப் போனாலும் சரி, பேச்சோடு பேச்சாகக் கோப்பையை இழுத்துவிட்டுத்தான் வந்தார்கள். வேறெதிலும் எங்களுக்கு அப்படிப் பேச வாய்த்ததில்லை.

அடுத்த பொங்கலுக்கு முன்னால்தான் அந்த பேனர்.

அன்று சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது என் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருந்தது. வண்டியை வாசலில் குறுக்காக நிறுத்திவிட்டு, அதன் பின்கதவில் உட்கார்ந்து அவனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். பிறகு போன் ஒரு தடவை அதிர்ந்தது. ஆவலாகப் பார்த்தார். அணியின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து அவன் வெளியேறிவிட்டான் என்று ஒரு வரி. அவ்வளவுதான் பதில். அவர் அதை என்னிடம் நீட்டிக் காட்டினார், ஏதோ வாசிக்கத் தெரியாதவர் போல.

பாய் கடையில் கூட்டம். ஆளுக்கொரு செய்தி வைத்திருந்தார்கள். தோல் வியாபாரி கோடவுனில் நாற்காலி வேலையும் அங்கேயே தங்க அறையும் கொடுத்திருக்கிறார், புது பைக் கொடுத்திருக்கிறார், ஆட்டத்துக்கு இவ்வளவு என்று தனியாகப் பேசியிருக்கிறார். எவ்வளவு என்று ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். நாளாக நாளாக அந்தத் தொகை தானாகவே ஏறியது.

"காசு குடுத்தா யாரா இருந்தாலும் போவான். நீ போவ மாட்டியா?" என்றான் ஒருவன்.

கேப்டன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். "நான் எங்கடா போனேன்? சொல்றா, எங்க போனேன்?"

பாய்தான் விலக்கிவிட்டார். "போறது தப்பு இல்ல, தோஸ்த். பாய், நான் போறேன், துவா பண்ணுங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ஒரு பார்சல் கட்டிக் குடுத்து அனுப்பியிருப்பேன். திருட்டுத்தனமா போயிட்டான் பாரு, அதான் பேஜாரு." அவர் படத்தைக் கழற்றவில்லை. அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டினார்.

நான் பாய் சொன்னதை ஒப்புக்கொள்ளவில்லை. சொல்லிவிட்டுப் போயிருந்தாலும் எனக்கு இப்படித்தான் எரிந்திருக்கும். அவன் தோள் அவனுடையது, யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், சரி. நான் கத்திய கத்தல் யாருடையது? மேட்டில் நின்று தொண்டை கட்டக் கத்தி, மறுநாள் லைனில் பேச்சு வராமல் சைகையில் நூல் கேட்டேனே. அதெல்லாம் சேர்ந்துதானே அவனுக்கு அந்த விலை வந்தது? பேனரில் முறைத்துக்கொண்டு நிற்கிற அந்த உயரத்தில் எங்கள் தெருவின் பங்கு கொஞ்சமாவது இல்லையா? இப்படியெல்லாம் மனதுக்குள் ஓடும். மெஷினை ஓட்டிக்கொண்டே அவனோடு சண்டை போடுவேன். அவன் அம்மா இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருப்பார். நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பிறகுதான் அந்த போஸ்டர்.

ஒரு காலை, வேனுக்குப் போகக் கிளம்பித் தெருவுக்கு வந்தால் எதிர்ச்சுவர் முழுக்க கண்ணீர் அஞ்சலி. கறுப்புக் கரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் அவன் படம். பல் தெரியச் சிரிக்கிற படம், நீல ஜெர்சி. மறைவு என்று போட்டு, அவன் வாணியம்பாடியில் கையெழுத்துப் போட்ட தேதியைக் குறித்திருந்தார்கள். காசு நோய் கண்டு எங்களை விட்டுப் பிரிந்தார் என்று வாசகம். அடியில், வருந்தும் நண்பர்கள், தெருப் பொதுமக்கள்.

இளவட்டங்கள் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கணம் எனக்கும் சிரிப்பு வந்தது. உடனே அவன் வீட்டுக் கதவு திறந்தது.

அவன் அம்மா சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்து, சுவரைப் பார்த்து, நின்றார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் அவர். படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுத்துக்கு வந்தார். படித்து முடித்ததும் பையைக் கீழே வைத்தார். சத்தம் போடவில்லை. சுவரருகே போய் நகத்தால் மூலையைக் கிளப்பி உரிக்க ஆரம்பித்தார். பசை முழுக்கக் காயவில்லை. எங்கே பிடித்து இழுத்தால் முழுதாக வரும் என்று அந்தக் கைக்குத் தெரியும். ஆனால் முகம் இருந்த இடத்தில் மட்டும் இழுக்காமல், சுற்றிச் சுற்றி, மெதுவாக உரித்தார். கிழியாமல் எடுக்கப் பார்த்தார். முகம் பாதியில் கிழிந்துவிட்டது.

அப்போதுதான் திரும்பினார். இளவட்டங்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உயிரோட கீற புள்ள. பத்து மாசம் சுமந்து பெத்த புள்ள. அவன் போனது தப்புன்னா எங்கிட்ட வந்து கேளு. வாசல்ல நின்னு ஏசு. தாங்கிக்கிறேன். இதுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா."

"உம் புருஷன் வண்டியிலதான ராத்திரி இந்த போஸ்டர் கட்டு வந்து எறங்குச்சு? ஜன்னல்லேந்து பாத்துக்கினுதான் இருந்தேன். இன்னாமோ பெட்டின்னு நெனச்சேன்."

நான் வீட்டுக்குள் திரும்பினேன். என் வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்களா?"

"பசங்க கேட்டாங்க. சும்மா வெளையாட்டுக்கு."

"அந்தம்மா மூஞ்சிய வந்து பாருங்க. அப்புறம் சொல்லுங்க வெளையாட்டுன்னு."

அவர் வரவில்லை. வாயில் நுரையோடு நின்றுகொண்டு, "அவன் மட்டும் எங்கள சாவடிக்கலாமா?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் அப்பா இறந்தபோதுகூட நான் அப்படிப் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் இன்னும் அதிகமானது. ஒரு பந்து போடுகிற பையனுக்காக இப்படி ஒரு கண்ணீரா, அதற்காக ஒரு தாயின் வாசலில் சாவு போஸ்டரா என்று.

அவன் அம்மா அதற்குப் பிறகு எங்கள் வேனில் ஏறவில்லை. டவுன் பஸ்ஸில் வந்தார். கொஞ்ச நாளில் வேறு லைனுக்கு மாற்றிக் கேட்டுப் போய்விட்டார்.

போஸ்டர் ஒட்டிய அந்த வாரமே, ஞாயிறு காலை, அவனே வந்தான். புது பைக் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, வாசற்படி ஏறாமல் கீழேயே நின்றான். என் வீட்டுக்காரர் அவனைப் பார்த்ததும் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அக்கா, என்னிய இன்னா வேணா பண்ணுங்க. எங்கம்மா இன்னா பண்ணாங்க?"

"அது தப்புதான். நான் சண்ட போட்டேன்."

"மாமாவா இப்படி செஞ்சாரு?"

அவன் என் வீட்டுக்காரரை மாமா என்றுதான் எப்போதும் கூப்பிடுவான். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உள்ளே இருந்ததெல்லாம் கிளம்பிவிட்டது.

"மாமான்னு இப்ப சொல்றியே. அந்த ஆளு அன்னிக்கி எத்தினி வாட்டி போன் போட்டாரு? எடுத்தியா?"

"எடுத்திருந்தா போவ உட்டிருக்க மாட்டாரு. அழுதிருப்பாரு. அதுக்குத்தான் எடுக்கல." பைக் சாவியைக் கையில் உருட்டினான். "அக்கா, நீங்க பழைய கம்பெனிய உட்டுட்டு இந்தக் கம்பெனிக்கு இன்னாத்துக்கு வந்தீங்க?"

"சம்பளத்துக்கு."

"யார்னா போஸ்டர் ஒட்னாங்களா?"

"நான் தைக்கிறத பாக்க யாருடா வெயில்ல வந்து நின்னாங்க?"

அவன் தரையைப் பார்த்தான். யோசித்துத்தான் சொன்னான், கோபமாக இல்லை. "நீங்களா வந்து நின்னீங்க. நான் கூப்பிடலியேக்கா."

அவனே மேலும் பேசினான்: "எங்கப்பா டேனரியில தோல் டிரம்மோட மாரடிச்சு முதுகு போயி படுத்துக் கெடக்கிறாரு. எனக்குத் தோள் இன்னும் எத்தினி வருஷம் வரும்? அது போனா நீங்க இன்னா பண்ணுவீங்க? ஐயோ பாவம்னு ஒரு பிளேட் பிரியாணி குடுப்பீங்க. அவ்ளோதான்."

"அதையும் நீ சொல்லிட்டே போயிருக்கலாம்."

"இப்ப சொல்லிட்டேன்ல."

உள் அறைக் கதவு திறக்கவே இல்லை. அவன் ஒரு முறை அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். அவன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு திட்டித் தீர்த்து ஆறியிருப்பேன். நீங்களாகத்தான் வந்து நின்றீர்கள் என்றானே, அது எலும்பில் போய் நின்றுகொண்டது.

பொங்கல் போட்டியில் அரையிறுதியிலேயே எங்களுக்கும் வாணியம்பாடிக்கும் விழுந்தது. ஆற்றங்கரை அப்படி நிறைந்து நான் பார்த்ததில்லை. யூடியூபில் நேரலை போட மூங்கில் பரண் கட்டி, அதில் ஒருவன் உட்கார்ந்து மைக்கில் பேசிக்கொண்டிருந்தான். எங்கள் பழைய பந்துவீச்சாளன் பச்சை ஜெர்சியில் பந்தைத் தொட்டதும் எங்கள் பக்கத்துப் பையன்கள் சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து ஆட்டினார்கள். "காசு! காசு!" என்று தாளம் போட்டுக் கத்தினார்கள். யாரோ ஒரு தண்ணீர்ப் பாக்கெட்டை வீசினார்கள். அது அவன் தோளில், அந்த வேலூர்த் தோளில், பட்டு உடைந்தது. அவன் எங்கள் பக்கம் திரும்பி, ஒவ்வொரு முகமாகத் தேடுவது போலப் பார்த்தான். ஈரத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. ஓட ஆரம்பித்தான்.

அதே ஓட்டம். அதே பதறாத ஓட்டம். காலில் கடையில் வாங்கிய விலையுயர்ந்த ஷூ. முதல் பந்திலேயே எங்கள் தொடக்க ஆட்டக்காரனின் ஸ்டம்பு பறந்தது. என் இரண்டு கையும் தானாக மேலே எழும்பிவிட்டன, தட்டுவதற்கு. பக்கத்திலிருந்த கட்டிங் பெண் என் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "யக்கா, இன்னா பண்றே? அவுட்டானது நம்மாளு." கையை மடியில் வைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அழுத்திக்கொண்டேன்.

ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் கேப்டன் மட்டும் நின்றான். சின்ன வயதிலிருந்தே இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். இரண்டு பந்தைக் கேப்டன் தூக்கி அடித்தான். கருவேலத்துக்குள் போய் விழுந்தன. எங்கள் பக்கம் வெறி பிடித்துக் கத்தியது. மூன்றாவது யார்க்கர். கேப்டனின் கால்விரலில் இடித்துவிட்டு ஸ்டம்பில் போய் விழுந்தது. கேப்டன் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான். பச்சை ஜெர்சிக்காரர்கள் ஓடிவந்து பந்துவீச்சாளனைத் தூக்கினார்கள். அவன் அவர்களைத் தள்ளிவிட்டான். தோழனிடம் போகப்போகிறான் என்றுதான் நினைத்தேன். கையைக் கொடுத்துத் தூக்கிவிடுவான் என்று. அப்படிச் செய்திருந்தால் நான் எல்லாவற்றையும் மறந்திருப்பேனோ என்னவோ.

அவன் எங்கள் மேட்டைப் பார்த்து ஓடிவந்தான். எல்லைக்கோடு வரைக்கும் வந்து நின்று, ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்தான். வாயை மூடுங்கள் என்று.

மூடிக்கொண்டோம். அவன் கேட்டது போலவே.

என் வீட்டுக்காரர் வண்டிக் கூரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிட்டே போனபோது, யாரிடமோ சொல்வது போல, "நல்ல பந்து" என்றார். பிறகு இறங்கி வண்டியை எடுத்தார். நொண்டிக்கொண்டு வந்த கேப்டன் பின்னால் ஏறிப் படுத்துக்கொண்டான். யாரும் அவனைத் திட்டவுமில்லை, தேற்றவுமில்லை.

அதற்குப் பிறகு சொல்ல அதிகம் இல்லை. எங்கள் அணியிலிருந்து இன்னும் இரண்டு பேர் வேறு வேறு ஊர் அணிகளுக்குப் போனார்கள். சொல்லிவிட்டுத்தான் போனார்கள், போய் வா என்றோம், யாருக்கும் வலிக்கவில்லை. போன வருஷம் தெருவில் வசூல் செய்து நாங்களே ஒரு ஆளை இறக்கினோம். சோளிங்கர் பக்கத்துப் பையன். நல்ல அடி. அவன் சிக்ஸர் அடித்தபோது கை தட்டினோம். பரிசளிப்பு முடிவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும் என்று ஜெர்சியைக் கழற்றி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அவன் ஊரில் யார் யார் வயிறு எரிந்துகொண்டிருக்கிறார்களோ என்று நான் கேட்டேன். "நமக்கு இன்னா அதப் பத்தி?" என்றார் இவர்.

வாணியம்பாடிக்குப் போனவன் நன்றாக இருக்கிறான். தோளுக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு மேல்மாடி எடுத்திருக்கிறார்கள். அவன் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்து, கம்பு ஊன்றி நடக்கிறார். ரேஷன் கடையில் அவன் அம்மாவைப் பார்த்தேன். நல்லா இருக்கீங்களா என்று கேட்டார், நானும் கேட்டேன். முன்பு என்னை வாடி போடி என்று பேசியவர். அன்று 'நீங்க' என்றார்.

என் வீட்டுக்காரர் இப்போது ஆட்டம் பார்க்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் லோடு ஏற்றுகிறார். முன்பு நான் ஆசைப்பட்டது இதைத்தான். போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனேன். வாசலில் நின்ற வண்டியின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சத்தத்தை அணைத்துவிட்டு, போனில் நேரலை பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் பச்சை ஜெர்சிகள் சின்னச் சின்னதாக ஓடின. என்னைக் கண்டதும் போனைத் தொடைமேல் கவிழ்த்தார்.

"சும்மாதான். தோத்துட்டானுங்களான்னு பாத்தேன்."

"தோத்தாங்களா?"

"இல்ல."

"எத்தினி விக்கெட் எடுத்தான்?"

அவர் வண்டியிலிருந்து இறங்கி, கை கழுவக் குழாயடிக்குப் போனார். நான் சோறு போட உள்ளே வந்தேன்.